விட்டுப்பிடிக்கும் விசிறி

வண்டி புதிதாக இருந்த நாட்களில், காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்கு அடியிலிருந்து 'ஹோ'வென்று ஓர் இரைச்சல் வரும். பக்கத்தில் லாரி வந்து நின்றதுபோல இருக்கும். ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். பிறகு யாரோ வாயைப் பொத்தியதுபோல அடங்கிவிடும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. அது எப்போது நின்றுபோனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருநாள் கவனித்தபோது இல்லை, அவ்வளவுதான். ஓடி ஓடி வண்டி பதமாகிவிட்டது என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன் என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. புதிதாக ஒரு சத்தம் கேட்டால்தானே நமக்குக் கவலை வரும்? இருந்த சத்தம் காணாமல் போனதும் கோளாறுதான் என்று உறைக்க எனக்கு மூன்று வருடமும் ஒரு மலையேற்றமும் பிடித்தன.

இரண்டாவது கியர். முன்னால் ஊர்ந்துபோகும் கனரக வண்டி, முந்த இடமில்லை, ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. காற்றில் குளிர் குறைவதைத்தான் முதலில் உணர்ந்தேன். டெம்பரேச்சர் முள் நடுக்கோட்டைத் தாண்டி நிற்பது அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு, வியர்வையில் குளித்தபடி மேலே போய்ச் சேர்ந்தேன். கீழே இறங்கிச் சமவெளியில் எண்பதில் ஓட்டியதும், ஒன்றுமே நடக்காததுபோல முள் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. வேகமாகப் போனால் சரி, மெதுவாகப் போனால் சூடு. விடை இதற்குள்ளேயே இருக்கிறது. வேகத்தில் காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். ஊரும்போது விசிறிதான் இழுக்க வேண்டும். நானோ கூலன்ட்டை மாற்றினேன், ரேடியேட்டர் மூடியை மாற்றினேன், தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், கடைசியில் ரேடியேட்டரையே கழற்றிக் கழுவினேன். விசிறியைச் சந்தேகிக்கவே இல்லை. காரணம் எளிது. பானெட்டைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

'சுத்துதே சார்'

வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார். "ஃபேன் சுத்துதே சார். அதுல என்ன குத்தம் கண்டுபிடிக்கப் போறீங்க?" கெட்டிக்காரர். இஞ்சின் சத்தத்தை வைத்தே வால்வு இடைவெளி சரியில்லை என்று சொல்லக்கூடியவர். ஆனால் இந்த விசிறி இஞ்சினோடு நேராகப் பூட்டியதல்ல, நடுவில் விஸ்கஸ் கிளட்ச் இருக்கிறது. உள்ளே இருக்கும் கெட்டி ஆயிலால், சூட்டுக்கு ஏற்பப் பிடித்தும் விட்டும் விசிறியைச் சுற்றும் இணைப்பு அது. அதன் விஷயத்தில் கண்ணை நம்பினால் ஏமாற்றம்தான். உள்ளே ஆயில் முழுக்கப் போய்விட்டாலும் பேரிங்கின் உராய்வும், மிச்சமிருக்கும் ஆயில் படலமும் சேர்ந்து விசிறியைச் சோம்பலாக இழுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐடிலில் நன்றாகக் கிடக்கும் விசிறிக்கும் செத்துப்போன விசிறிக்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

இஞ்சின் அணைந்து ஆறியிருக்கும்போது கையால் சுண்டிப் பார்ப்பதுதான் முதல் சோதனை. நல்ல கிளட்ச் கையை விட்டதும் சட்டென்று நின்றுவிடும். என்னுடையது நாலைந்து சுற்று சுற்றிவிட்டு நிதானமாக நின்றது. ஹப்புக்குப் பின்பக்கம், பேரிங்கைச் சுற்றி, தூசி ஒட்டிய ஈரக்கோடுகள் சூரியக் கதிர்போல வெளிப்பக்கமாகப் போயிருந்தன. ஓடும் விசிறியைச் சுருட்டிய செய்தித்தாளால் தடுத்துப் பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. நான் அதைச் செய்யவில்லை, யாரையும் செய்யச் சொல்லவும் மாட்டேன். இலைகளின் தளத்துக்கு நேராக முகத்தையோ கையையோ வைத்துக்கொண்டு நிற்பதே தப்பு. எப்போதோ விழுந்த விரிசல் அந்த நிமிடம் பார்த்துத்தான் விட்டுக்கொடுக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஈரக்கோடுகளைக் காட்டியதும் மெக்கானிக் ஒத்துக்கொண்டார். உடனே இரண்டு வழி சொன்னார். ஒன்று, "இதையெல்லாம் திறக்க முடியாது சார், புதுசு போட்டுடுங்க." இன்னொன்று, "செலவு வேண்டாம்னா ரெண்டு போல்ட்டு போட்டு லாக் பண்ணிடறேன். ஜென்மத்துக்கும் பிரச்சினை வராது." இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. முதலாவது பெரும்பாலும் சரியான யோசனை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவசரமாக வண்டி வேண்டியவர்கள் புதிது வாங்கிப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். என்னைத் தூங்கவிடாமல் செய்தது இரண்டாவதுதான். ஆட்டோமேட்டிக்காக நழுவும்படி ஒரு பொருளைக் கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறார்கள். அந்த நழுவலைத்தான் எல்லோரும் கோளாறாகப் பார்க்கிறார்கள். போல்ட்டு போட்டு அதைக் கொன்றுவிட்டால் தீர்ந்தது என்கிறார்கள்.

போல்ட்டு போட்டால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டேன். விசிறியைச் சுற்றத் தேவையான முறுக்குவிசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். தேவைப்படும் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். நேராகப் பூட்டிய விசிறியில் இஞ்சின் 2000-த்திலிருந்து 4000 ஆர்பிஎம் போனால், விசிறி கேட்கும் திறன் எட்டு மடங்கு. 4000-த்தில் ஓடும் வண்டி பெரும்பாலும் நல்ல வேகத்தில் இருக்கும். எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ஆகத் தேவையே இல்லாத நேரத்தில்தான் அது அதிகமாகத் தின்னும். பெல்ட்டுக்கும் வாட்டர் பம்ப் பேரிங்குக்கும் விழும் சுமை தனி. இதை மெக்கானிக்கிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்ப நீங்களே திறந்து பாருங்க" என்றார். அதைச் சவாலாக எடுத்துக்கொண்டேன். அவர் அதைச் சவாலாகச் சொல்லியிருக்கவே மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

உள்ளே இருப்பது

கழற்றும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புல்லியில் இருக்கும் நான்கு நட்டுகளையும் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே இளக்கிவிட வேண்டும். பெல்ட்டை முதலில் எடுத்துவிட்டால் ஸ்பேனர் திரும்பும் பக்கமெல்லாம் புல்லியும் கூடவே சுற்றும். சில வண்டிகளில் நான்கு நட்டுக்குப் பதிலாக ஒரே பெரிய நட்டு இருக்கும், அதிலும் சிலவற்றில் இடப்புரி மரை. ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே ஒரு கெட்டி அட்டையைச் செருகிவிட்டேன். இலை நுனி ஒருமுறை தட்டினால் போதும், ரேடியேட்டர் செதில்கள் வரிசையாகப் படுத்துவிடும்.

என் கிளட்சின் இரண்டு பாதிகளும் விளிம்பில் திருகு போட்டுப் பூட்டியவை. அது அதிர்ஷ்டம். விளிம்பை மடித்து அழுத்தி மூடிய வகையும் உண்டு. அதுவாக இருந்திருந்தால் மெக்கானிக் சொன்னதே கடைசி வார்த்தை, இந்தக் கட்டுரையும் இல்லை. திறப்பதற்கு முன் பேரிங்கைச் சோதித்தேன். விசிறியை மாட்டிப் பிடித்துக்கொண்டு தண்டை ஆட்டினால் ஆட்டம் இல்லை, சுற்றினால் கரகரப்பும் இல்லை. பேரிங் போயிருந்தால் ஆயில் ஊற்றுவதில் அர்த்தமே கிடையாது. பிறகு இரண்டு பாதிகளுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறி வைத்தேன். மூடும்போது இடம் மாறினால் சமநிலை கெட்டு வண்டி முழுக்க அதிரும். திருகுகள் இறுகிப்போயிருந்தன. அதில் ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

உள்ளே பார்த்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம்: இவ்வளவுதானா? கிளட்ச் தட்டு இல்லை, ஸ்பிரிங் அழுத்தம் இல்லை, ஒன்றை ஒன்று தொடும் பாகமே இல்லை. நடுத்தண்டோடு சுற்றும் ஒரு வட்டத்தட்டு, அதன் முகத்தில் வட்டத்துக்குள் வட்டமாக வரப்புகள். அதற்கு எதிர்முகத்திலும் அதே மாதிரி வரப்புகள். இரண்டு சீப்புகளின் பற்கள் கோத்துக்கொண்டதுபோல ஒன்றின் வரப்பு மற்றதன் பள்ளத்தில் உட்கார்கிறது, ஆனால் படுவதில்லை. நடுவில் மில்லிமீட்டரில் ஒரு பங்கே இடைவெளி. அந்த இடைவெளியில் சிலிகோன் ஆயில் நிறைந்தால் வண்டி இழுக்கும் தட்டு விசிறி மாட்டிய கூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். முன்பாதியில் ஒரு தகட்டுக்குப் பின்னால் ஆயில் பதுங்கும் அறை. தகட்டில் ஒரு துளை; துளையை மூடித் திறக்கும் ஒரு சின்னக் கை; கையைத் திருப்புவது முன்முகத்தில் சுருண்டிருக்கும் இரட்டை உலோகச் சுருள். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் சுருள் நெகிழும், கை விலகும், ஆயில் வரப்புகளுக்குள் பாயும். கவனிக்க வேண்டியது, சுருளுக்குத் தெரிவது காற்றின் சூடு மட்டும்தான், தண்ணீரின் சூடு தெரியாது. ரேடியேட்டர் செதில்களில் தூசி அடைத்துச் சூடான காற்றே வராவிட்டால் நல்ல கிளட்சும் தூங்கும். பழி மட்டும் அதன்மேல் விழும்.

இழுக்கும் இயல்பை 1687-இலேயே நியூட்டன் எழுதிவைத்துவிட்டார்: திரவத்தின் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று எவ்வளவு வேகமாக விலகிப்போகின்றனவோ அவ்வளவுக்கு அவற்றுக்குள் எதிர்ப்பு எழும். இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபோது எழுந்து உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றினால் அடுக்குகளுக்குள் விலகலே இல்லை; விலகல் இல்லையென்றால் இழுவையும் இல்லை. அதாவது இந்தக் கிளட்ச் நழுவுவதால்தான் இழுக்கிறது. நூற்றுக்கு நூறு பிடிப்பது அதற்கு இயலாத காரியம். ஆயிலை அறைக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடும் இதே நழுவலை நம்பித்தான் இருக்கிறது: விளிம்பருகே ஒரு சின்னத் தடுப்பு, அதற்குப் பக்கத்தில் ஒரு துளை. வேக வித்தியாசத்தில் ஆயில் தடுப்பில் வந்து முட்டும், முட்டிய அழுத்தத்தில் துளை வழியாக அறைக்குள் ஏறும். தகட்டுத் துளை மூடியிருந்தால் வெளியே வந்ததெல்லாம் கொஞ்ச நேரத்தில் உள்ளே போய்விடும். காலை இரைச்சலுக்கும் காரணம் இதுவே. இரவு முழுக்க வண்டி நிற்கும்போது, திரும்பும் துளை கீழ்ப்பக்கமாக நின்றிருந்தால் ஆயில் அதன் வழியே பின்னோக்கி வடிந்து வரப்புகளில் தேங்கும். ஸ்டார்ட் செய்ததும் விசிறி முழுப் பலத்தோடு கத்தும். ஆயில் அறைக்குத் திரும்பியதும் அடங்கும். சில காலைகளில் நீளமாகவும் சில காலைகளில் பேருக்கும் ஏன் அந்தச் சத்தம் வந்தது என்று இப்போது புரிந்தது. துளை எந்தப் பக்கம் நின்றதோ அதைப் பொறுத்த விஷயம்.

நழுவினால் சூடு பிறக்கும். அலுமினியக் கூட்டின் வெளியே செதில்கள் வைத்திருப்பது அதை ஆற்றத்தான். எப்போது அதிகம் சூடாகும் என்று கணக்குப் போட்டால் ஒரு வேடிக்கை. முழுதாக விட்டிருக்கும்போதும் இல்லை, இறுகப் பிடித்திருக்கும்போதும் இல்லை. புல்லி வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் விசிறி சுற்றும்போதுதான். அப்போது உள்ளே வீணாகும் திறன், விசிறி புல்லியின் முழு வேகத்தில் கேட்கக்கூடிய திறனில் 27-இல் 4 பங்கு. இந்த வேலைக்குச் சாதாரண இஞ்சின் ஆயில் ஏன் ஆகாது என்பதும் இங்கேதான் விளங்குகிறது. இஞ்சின் ஆயில் 40 டிகிரியிலிருந்து 100 டிகிரி போவதற்குள் ஏழெட்டு மடங்கு இளகிவிடும். சிலிகோன் ஆயில் அறைச் சூட்டிலிருந்து 100 டிகிரி வரை போனாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கே குறையும்.

என் கிளட்சில் மிஞ்சியிருந்ததை ஊசியால் உறிஞ்சிப் பார்த்தேன். 9 மில்லி. கறுத்துப்போன சாம்பல் நிறம்.

உடும்புப் பிடி

சிலிகோன் ஆயிலின் பாகுநிலையை, அதாவது அது எவ்வளவு கெட்டி என்பதை, செண்டிஸ்டோக்ஸ் கணக்கில் சொல்வார்கள். தண்ணீர் ஏறக்குறைய 1. ஃபேன் கிளட்ச் ஆயில் ஆயிரக்கணக்கில் தொடங்கும். டொயோட்டா இதற்கென்றே 18 மில்லி டியூபில் விற்கிறது. 3,000, 10,000 என்று வகைகள் உண்டு. ரிமோட் கார் பொழுதுபோக்குக்காரர்கள் டிஃபரன்ஷியலில் ஊற்றும் ஆயிலும் இதே சிலிகோன்தான், இதே அளவுகோல்தான். 3,000-த்தையும் 10,000-த்தையும் சமமாகக் கலந்தால் 6,500 வரும் என்று தோன்றும். வராது. பாகுநிலை மடக்கைக் கணக்கில் கலக்கும். கிடைப்பது ஏறத்தாழ 5,500.

இதெல்லாம் பிறகு படித்தது. முதல்முறை நான் செய்தது வேறு. மலைப்பாதையில் பட்ட பாடு மனதில் இருந்தது. இனி ஒரு தடவை முள் ஏறக்கூடாது. கெட்டியான ஆயில் என்றால் நல்ல பிடி, நிறைய ஆயில் என்றால் இன்னும் நல்ல பிடி. 10,000 வகையில் மூன்று டியூப், 54 மில்லி. ஊற்றுவதற்கே பொறுமை வேண்டும். நூல்போல இறங்கி, மலைப்பாம்புபோலச் சுருண்டு படுத்து, மெதுவாகத்தான் மட்டத்துக்கு வரும். ஊற்றிவிட்டு இரவெல்லாம் விட்டேன். பழைய ஓ-ரிங்கை எடுத்துவிட்டு நைட்ரைல் ரப்பரில் புதிது போட்டேன். சிலிகோன் ரப்பர் போட்டால் சிலிகோன் ஆயிலைக் குடித்து ஊதிவிடும். இடையில் ஒரு சொந்தப் புலம்பல்: இந்த ஆயில் எங்கே எல்லாம் போகும் என்று சொல்லவே முடியாது. தண்ணீருக்கு அசையாது, சோப்புக்கும் அவ்வளவாக மசியாது, மண்ணெண்ணெய் ஊற்றித்தான் எடுக்க வேண்டும். அதே மேசையில் மறுவாரம் ஒரு இரும்புத் தாங்கிக்குப் பெயின்ட் அடித்தேன்; அம்மைத் தழும்புபோல முழுக்கக் குழி விழுந்தது. சிலிகோன் பட்ட இடத்தில் பெயின்ட் நிற்காது.

மாட்டி ஸ்டார்ட் செய்ததும் இரைச்சல் வந்தது. இத்தனை வருடம் கழித்துக் கேட்ட அந்தச் சத்தத்துக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. மெக்கானிக்குக் காணொலி எடுத்து அனுப்பினேன். "சூப்பர் சார்" என்று பதில் வந்தது. அதே மலைப்பாதையில் அதே ஏசியோடு ஏறினேன். முள் அசையவே இல்லை. இரண்டு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

சத்தம் மட்டும் அடங்கவில்லை. இரண்டு நிமிடம் போயிற்று, பத்து நிமிடம் போயிற்று, கத்திக்கொண்டே இருந்தது. சமவெளியில் கால் அழுத்தினால் இஞ்சினுக்கு முன்னால் விசிறிதான் பதில் சொன்னது. வண்டி எதையோ இழுத்துக்கொண்டு போவதுபோல மந்தம். இதெல்லாம் நல்ல பிடியின் அடையாளம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் சுற்று வேகம் அளக்கும் ஒரு லேசர் டாக்கோமீட்டர் கொண்டு வந்து, புல்லியிலும் ஓர் இலையிலும் பளபளக்கும் ஒட்டுத்தாள் ஒட்டி, எட்ட நின்று அளந்தேன். புல்லி 2000-த்தில் சுற்றும்போது விசிறி 1750. இஞ்சின் சூடாக இருந்தாலும் 1750, காலையில் ஆறியிருந்து ஐந்து நிமிடம் ஓடிய பிறகும் 1750. எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். போல்ட்டு போட வேண்டாம் என்று அவ்வளவு வாதாடிய நான், ஆயிலால் போல்ட்டு போட்டிருக்கிறேன்.

ஒளிய இடம்

மறுபடி கழற்றினேன். இந்தத் தடவை திருகுகள் சமர்த்தாக வந்தன. ஆயில் கெட்டியாக இருந்ததுதான் தப்பு என்று நினைத்திருந்தேன். அது ஓரளவுக்குத்தான் சரி. முன்பாதியைக் காலி செய்து சுத்தமாகத் துடைத்து மேசையில் வைத்திருந்தபோது, அந்தப் பதுங்கும் அறையை இதுவரை நான் அளக்கவே இல்லை என்பது தட்டியது. வரப்புகளுக்கு எவ்வளவு ஆயில் வேண்டும் என்றுதான் யோசித்தேன். வேலை முடிந்ததும் அந்த ஆயில் எங்கே போய் உட்காரும் என்று யோசிக்கவில்லை. ஊசியில் எடுத்து எடுத்து அறையை நிரப்பினேன். 40 மில்லியில் தளும்பியது.

நான் ஊற்றியது 54. மீதி 14 மில்லிக்குப் போக இடமே இல்லை. துளை மூடினாலும் திறந்தாலும், காற்று சூடானாலும் ஆறினாலும், தடுப்பில் முட்டி முட்டி அந்த 14 மில்லி வரப்புகளுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. கெட்டியான ஆயில் வேறு. விசிறிக்கு விடுபட வழியே வைக்காமல் நான்தான் அடைத்திருக்கிறேன். விட்டுப்பிடி என்று பேச்சுக்குச் சொல்வோமே, அதில் 'விடு' முன்னால் வருவதை அந்த மேசையில் வைத்துத்தான் கவனித்தேன். இந்தப் பொருளில் அளவைத் தீர்மானிப்பது பிடிக்கும் அறை கிடையாது, பதுங்கும் அறை. எல்லாக் கிளட்சுக்கும் 40 என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அறைகள் வகைக்கு வகை மாறும். அளந்து பார்க்காமல் ஊற்றக்கூடாது என்பது மட்டும் பொது.

அறை காலியாக இருக்கும்போதே இன்னொரு வேலையும் செய்தேன். முன்பாதியை ஒரு பாத்திரத் தண்ணீரில் வைத்து, தெர்மாமீட்டரையும் போட்டு, மெல்லச் சூடாக்கினேன். தகட்டுத் துளை வழியாகக் கை நகர்வது தெரியும். 58 டிகிரியில் அசையத் தொடங்கி, 72-இல் துளை முழுதாகத் திறந்தது. ஆறவிட்டால் அதே பாதையில் திரும்பி மூடியது. சுருளின் வெளிநுனி ஒரு பிளவில் செருகிப் பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தது. பசையைச் சுரண்டி நுனியைச் சற்று நகர்த்தினால், இன்னும் குறைந்த சூட்டிலேயே திறக்க வைக்கலாம், பலர் செய்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பு என்றால் நானும் செய்திருப்பேன். சுரண்டியை எடுத்துக் கையில் வைத்திருந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பிறகு கீழே வைத்துவிட்டேன். கிளட்சின் வேலைகளில் இந்த வேலை மட்டும்தான் கெடாமல் இருந்தது. அதையும் நோண்டினால், அடுத்து ஏதாவது சரியில்லாமல் போகும்போது எதைக் குற்றம் சொல்வது என்றே தெரியாது. தண்ணீர் ஒரு சொட்டுகூட மிஞ்சாமல் இரண்டு நாள் உலரவிட்டேன்.

இரண்டாவது முறை 10,000-த்தில் ஒரு டியூப், 3,000-த்தில் ஒரு டியூப். 36 மில்லி, பாகுநிலை சுமார் 5,500. அறையில் 4 மில்லிக்கு இடம் மிச்சம். வெளியிலிருந்த ஆயில் முழுக்க உள்ளே போனாலும் தளும்பாது.

அளவெடுக்கும் நாளில் பதற்றமாக இருந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை வைத்துக் காற்றை மறைத்தால் சீக்கிரம் சூடேறும். முள்ளின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டேதான் செய்ய வேண்டும். புல்லி 2000-த்தில் இருக்க, ஸ்டார்ட் செய்த முதல் நிமிடம் 1500, இரைச்சலோடு. மூன்றாவது நிமிடத்தில் 650; சத்தம் போய்விட்டது. அட்டை வைத்துக் காத்திருந்தேன். முள் நடுக்கோட்டை எட்டி, அதைத் தொட்டுத் தாண்டப் போகிறது என்னும்போது, எங்கோ தொலைவில் மழை வருவதுபோல ஓர் ஓசை எழுந்தது. 900, 1200, 1600. அட்டையை உருவினேன். முள் இறங்கியது. ஆனாலும் விசிறி உடனே விடவில்லை. இன்னும் ஒரு நிமிடம் போல இழுத்துவிட்டு, படிப்படியாக 700-க்கு வந்தது. புல்லி ஒரே வேகத்தில் சுற்றும்போது பெல்ட்டின் மேல் விழும் சுமை விசிறி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 650-க்கும் என் பழைய 1750-க்கும் நடுவில் ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த இரண்டு வாரமும் வண்டி அதைச் சுமந்துகொண்டுதான் ஓடியிருக்கிறது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மெக்கானிக்கிடம் எண்கள் எழுதிய தாளைக் காட்டினேன். 1750 என்று இருந்த வரியைத் தொட்டு, "இதுதானே சார் நல்லா இருக்கு?" என்றார். அரைமணி நேரம் பேசினோம். அவர் முழுதாக ஒத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் போகும்போது, "அந்த ஆயில் இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. மலைப்பாதையில் மூன்று தடவை ஏறியாயிற்று. முள் கொஞ்சம் எழும், மழை ஓசை கேட்கும், இறங்கும். காலை இரைச்சல் திரும்பி வந்துவிட்டது, சில நாள் நீளமாகவும் சில நாள் பேருக்கும். போன வாரம் ஹப்பின் பின்பக்கத்தைத் துணியால் துடைத்தபோது, பேரிங்கை ஒட்டி நகக்கண் அகலத்துக்கு ஒரு மெல்லிய ஈரவளையம் தெரிந்தது. முதலில் ஆயில் போன வழி அதுதான். ஆயில் கசியாமல் தடுக்கும் அந்த அடைப்பை நான் மாற்றவில்லை, பேரிங்கை உடைக்காமல் மாற்றவும் முடியாது. துடைத்துவிட்டு, விசிறியைக் கையால் சுண்டிப் பார்த்தேன். அரைச்சுற்றில் நின்றது. தேதியை நோட்டில் குறித்துக்கொண்டு, 10,000 டியூப் ஒன்றும் 3,000 டியூப் ஒன்றும் வாங்கி அலமாரியில் நிறுத்திவைத்திருக்கிறேன்.